குதிகாலில் ஒன்று, கன்னத்தில் வேறொன்று: மெலனோமா நோயாளி ஒருவருக்கு வந்த இரண்டாவது முதன்மைப் புற்று குறித்த நிகழ்வு ஆய்வு

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெரு ஒன்றில் வசிக்கும் 61 வயதுப் பெண்மணி ஒருவர், இடது குதிகாலில் தோன்றிய மெலனோமாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 19 மாதங்கள் ஆன நிலையில், இடது தாடைக்குக் கீழே நெறிகட்டியிருப்பதாகச் சொல்லி எங்கள் பிரிவுக்கு வந்தார். பழைய புற்றுதான் பரவிவிட்டது என்று நாங்கள் ஏறக்குறைய 7 வாரங்கள் நம்பினோம். அந்த நம்பிக்கை தவறு. மெலனோமாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாத, தனியாகக் குணப்படுத்தக்கூடிய இன்னொரு புற்று அவருடைய கன்னத்துக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. நோயாளியும் குடும்பத்தாரும் ஒப்புதல் அளித்த பின்னர், அடையாளம் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் இந்த நிகழ்வை இங்கே எழுதுகிறோம்.

முதல் நோய்

நோயாளி 25 ஆண்டுகளுக்கும் மேலாக மீன் விற்பவர். விடியலுக்கு முன்பே ஏலத்துக்குப் போய்க் கூடையை எடுத்துவந்து, ஈரமான சிமெண்டுத் தரையில் ரப்பர் செருப்போடு மதியம்வரை நின்று விற்பது அவருடைய அன்றாடம். 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை விட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். வெற்றிலை பாக்கோடு புகையிலையை வாயின் இடப்பக்கம் அடக்கிக்கொள்ளும் பழக்கம் முதல் பிரசவத்துக்குப் பின் தொடங்கியது என்று பின்னாளில் சொன்னார். ‘பின்னாளில்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குதிகால் நோய்க்காக அவரைச் சேர்த்தபோது எழுதிய நோய் வரலாற்றுத் தாளில் பழக்கவழக்கங்கள் என்ற இடத்தில் ஒரு கோடுதான் போடப்பட்டிருந்தது.

இடது குதிகாலின் உட்புறத்தில் இருந்த கரும்புள்ளியை முதலில் கண்டது அவருடைய மகள். ஒரு கல்யாணத்துக்காகக் காலில் மருதாணி வைத்துவிடும்போது கவனித்திருக்கிறார். கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார்கள். அது போகாததால் பிளேடால் சீவியும் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு அந்த இடம் புண்ணாயிற்று. சர்க்கரை உள்ளவருக்குக் குதிகாலில் ஆறாத புண் என்றால் எவரும் சர்க்கரைப் புண் என்றுதான் எண்ணுவார்கள்; ஒரு மருத்துவமனையில் 4 மாதங்கள் அப்படியே கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், கட்டுப் போடும் செவிலியர் ஒருவர்தான் புண்ணைச் சுற்றி மை கொட்டியதுபோல் நிறம் படர்ந்திருப்பதைக் காட்டி, இதை யாராவது மருத்துவர் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களில் தோன்றும் புற்று. வெள்ளைத் தோலுடைய மக்களிடம் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதற்கு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படுவது அதனால்தான். இந்தியாவில் அது லட்சத்தில் ஒருவர் என்ற ஆண்டு அளவைக்கூட எட்டாத அரிய நோய். நம்மிடம் வரும்போதும் வெயில் படும் முதுகிலோ முகத்திலோ வருவதைவிட, வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும், சில நேரங்களில் வாய், மூக்கு, ஆசனவாய் ஆகியவற்றின் சவ்விலும் வருவதே மிகுதி. உடல் எடை அழுந்தும் பகுதிகளில் இது கூடுதலாகத் தோன்றுவதைச் சுட்டி, தொடர்ந்த அழுத்தமும் ஒரு தூண்டுதலாக இருக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கால் நூற்றாண்டு நின்றே பிழைத்தவரின் குதிகாலைப் பார்க்கும்போது அந்தக் கருத்து நினைவுக்கு வராமல் போகாது.

தோலைப் பெருக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வழியே பார்த்தபோது, நிறமி பாதரேகைகளின் பள்ளங்களில் இல்லாமல் மேடுகளில் படிந்திருந்தது. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மேட்டில் ஓடினால் மெலனோமாவைச் சந்தேகிக்க வேண்டும். பயாப்ஸி அதை உறுதிசெய்தது. அறுவைக்குப் பின் அளந்த பிரெஸ்லோ ஆழம், அதாவது கட்டி தோலுக்குள் இறங்கியிருந்த ஆழம், 3.2 மில்லிமீட்டர், மேற்பரப்பு புண்ணாகியிருந்தது. சுற்றிலும் 2 சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினோம். கதிரியக்க மருந்து செலுத்தி அடையாளம் கண்ட காவல் நிணநீர்க் கணு (புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் கணு) இரண்டு, இடது தொடையிடுக்கிலிருந்து எடுக்கப்பட்டன. இரண்டிலும் புற்று இல்லை. புற்றின் நிலைகளை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. என்னும் அமெரிக்கக் குழுவின் எட்டாம் பதிப்புப் பகுப்பின்படி இது 2-பி நிலை. நோய் திரும்பாமல் தடுக்க அந்த நிலையில் தரப்படும் எதிர்ப்பாற்றல் சிகிச்சையைப் பற்றிப் பேசினோம். செலவைக் கேட்டதும் பேச்சு அத்தோடு நின்றது. 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னோம். அவர் ஒரு முறைகூடத் தவறாமல் வந்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் பாதத்தையும் முழங்காலின் பின்புறத்தையும் தொடையிடுக்கையும் பார்த்து அனுப்பினோம்.

தாடைக்குக் கீழே வந்த நெறி

19-ஆம் மாத வருகையில், காட்டச் சொல்லாமலேயே அவர் முந்தானையை விலக்கித் தாடையைத் தொட்டுக்காட்டினார். இடது தாடை எலும்புக்குக் கீழே ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் அளவில், கெட்டியான, வலியில்லாத ஒரு கட்டி நகரும் நிலையில் இருந்தது. அன்றைக்கே ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனைக்கு அனுப்பினோம். கோரிக்கைச் சீட்டில் ‘ஏற்கெனவே அறியப்பட்ட மெலனோமா நோயாளி, பரவல் உள்ளதா எனப் பார்க்கவும்’ என்று எழுதப்பட்டிருந்தது. அது என் கையெழுத்து. கேள்வியை அப்படிக் கேட்டபின் பதில் எப்படி வரும்? ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிய பெரிய உயிரணுக்கள், பருத்த உட்கருமணிகள், நிறமி காணப்படவில்லை, வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கையில் பரவிய மெலனோமாவுக்குப் பொருந்துகிறது என்று அறிக்கை வந்தது. நிறமி இல்லாத மெலனோமா உண்டு என்பதால் அந்த ஒரு வரி எவரையும் உறுத்தவில்லை.

அடுத்து பெட்-சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. செலுத்தும் கதிரியக்க மருந்து, புற்றோ அழற்சியோ உள்ள இடத்தில் கூடுதலாக ஏறுவதை அது காட்டும். நுரையீரல், கல்லீரல், எலும்பு, தொடையிடுக்கு எங்கும் ஒன்றும் இல்லை. கழுத்துக் கணுவில் மருந்து நன்றாக ஏறியிருந்தது. இடது கீழ்த்தாடையின் ஓரத்திலும் சிறிது ஏறியிருந்ததை, பல் ஈறு அழற்சியாக இருக்கலாம் என்று அறிக்கை ஒரு வரியில் கடந்துபோயிற்று. அவருடைய பற்களின் நிலையைப் பார்த்தவர்கள் அந்த விளக்கத்தையும் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

தொலைவிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பரவிய மெலனோமா என்றால் அது நான்காம் நிலை. குடும்பத்தாரை அழைத்து அப்படியே சொன்னோம். எதிர்ப்பாற்றல் மருந்துகளைப் பற்றியும், உள்ளங்கால் மெலனோமாவில் மரபணுப் பிறழ்வுகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் அவை வெயில்வழி மெலனோமாவில் போல் அவ்வளவாகப் பலன் தருவதில்லை என்பதையும் சொன்னோம். மகன் படகில் பங்கு வைத்திருப்பவர். பங்கை விற்றால் எத்தனை ஊசிக்குக் காணும் என்று கேட்டார். மருமகள் நகையைப் பற்றிப் பேசினார். மருந்தைத் தேர்வதற்காக, கட்டியின் திசுவில் பிராஃப், கிட் மரபணுப் பிறழ்வுகள் உள்ளனவா என்று பார்க்கத் தீர்மானித்து, அதற்குப் போதுமான திசு வேண்டும் என்பதற்காக மட்டுமே, தடித்த ஊசியால் மறுபடி ஒரு பயாப்ஸி எடுத்தோம். தவறு வெளிப்பட்டதற்கு எங்கள் அறிவைவிட இந்தத் தற்செயலே முதல் காரணம்.

சந்தேகம் எழுந்த விதம்

தடித்த ஊசித் திசுவைப் பார்த்த நோயியல் மருத்துவர், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன் வழக்கமான நிறமேற்றல்களைச் செய்தார். மெலனோமா உயிரணுக்களைக் காட்டும் எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 ஆகிய நான்கும் ஏறவில்லை. எஸ்-100-உம் சாக்ஸ்-10-உம் ஏறாத மெலனோமா மிகமிக அரிது. மாறாக, தோல், சவ்வு உயிரணுக்களுக்குரிய சைட்டோகெராட்டினும், தோல், சவ்வின் தட்டையான உயிரணுக்களில் தோன்றும் செதிள் உயிரணுப் புற்றைக் காட்டும் பி-40-உம் பளிச்சென்று ஏறின. அவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இது: “அந்த அம்மாவோட வாயை யாராவது பாத்தீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. மறுநாள் வரவழைத்து வாயைத் திறக்கச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, “வாய்ல இன்னா கண்ணு பாக்கப் போற, புண்ணு கால்லதான இருந்துச்சு” என்றார். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னச் சவ்வு நார்போல் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்னும் நிலை அது. அதுவே புற்றுக்கு முந்தைய நிலைகளில் ஒன்று. கரண்டியால் கன்னத்தை ஒதுக்கி விளக்கடித்துப் பார்த்ததில், இடது கீழ் ஈறும் கன்னமும் கூடும் பள்ளத்தில், புகையிலை அடக்கும் அதே இடத்தில், ஓரம் தடித்த 3 சென்டிமீட்டர் புண் இருந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டோம். காரம் சாப்பிட்டால் எரியும், 5, 6 மாதமாக இருக்கும், காலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் வாய்ப்புண்ணை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றார். பயாப்ஸியில் நடுத்தர வேறுபாடுடைய செதிள் உயிரணுப் புற்று.

பின்னோக்கிப் பார்க்கையில், சந்தேகப்படுவதற்கு வேண்டிய எல்லாமே முன்பே கையில் இருந்தன. குதிகாலின் நிணநீர் முழங்காலின் பின்புறக் கணுக்களுக்கும் தொடையிடுக்குக்கும் வடிகிறது. அங்கிருந்து மேலேறும் நோய் இடுப்பையும் வயிற்றையும் நுரையீரலையும் தொடாமல், இடது தாடைக்குக் கீழே ஒரே ஒரு கணுவில் வந்து உட்கார்வது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. மெலனோமா இரத்தம் வழியாக எங்கும் போகக்கூடியது. ஆனால் காசிமேட்டிலிருந்து கிளம்பிய வண்டி வழியில் எங்கும் நில்லாமல் ஒரே தெருவில் போய் நின்றது என்றால், அந்தத் தெருவிலேயே கிளம்பிய வண்டியோ என்று முதலில் கேட்க வேண்டாமா? தாடைக்குக் கீழுள்ள கணு வாயின் நிணநீரை வாங்கும் கணு என்பது மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டிலேயே கற்பிக்கப்படுவது. தெரியாததால் நேர்ந்த பிழை அல்ல இது. முதல் நோயின் பெயர் எங்கள் கண்ணை மறைத்தது.

வாய்ப்புண்ணே மெலனோமாவாக இருக்கலாமோ என்ற கேள்வியையும் விட்டுவிடவில்லை. வாய்ச் சவ்வில் மெலனோமா வருவதுண்டு. அது பெரும்பாலும் மேலண்ணத்திலும் மேல் ஈறிலும் வரும். இவருடைய கன்னத்தில் கருமைத் திட்டுகள் இருந்தன, ஆனால் புகையிலை போடுபவர்களின் வாயில் அப்படிப் பரவலாக நிறம் படிவது சாதாரணம். புண்ணின் திசுவிலும் அதே நிறமேற்றல்களைச் செய்து, கழுத்துக் கணுவின் முடிவோடு ஒத்துப்போவதை உறுதிசெய்துகொண்டோம். குதிகாலில் முன்பு எடுத்த திசுவின் கண்ணாடித் தகடுகளையும் வெளியே எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னோம், அது மெலனோமாவேதான். ஒரு பிழையைத் திருத்தும் வேகத்தில் எதிர்ப்பக்கப் பிழையில் விழுந்துவிடக் கூடாது என்ற அச்சம் அப்போது எல்லோருக்கும் இருந்தது.

ஒருவருக்கு வந்த இரண்டு புற்றுகளையும் தனித்தனி முதன்மைப் புற்றுகளாகக் கொள்வதற்கு வாரன், கேட்ஸ் ஆகிய இருவரும் 1932-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: இரண்டும் தெளிவாகப் புற்றாக இருக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவல் அல்ல என்பது காட்டப்பட வேண்டும். எங்கள் நோயாளியிடம் மூன்றும் பொருந்தின. இரண்டுக்கும் இடையே 6 மாதங்களுக்கு மேல் சென்றிருப்பதால், இது பின்னெழுந்த இரண்டாவது முதன்மைப் புற்று என்று பதிவாகும்.

சிகிச்சை

நான்காம் நிலை மெலனோமா என்று சொல்லப்பட்டவர் மூன்றாம் நிலை வாய்ப்புற்று நோயாளியானார். பல துறையினரும் கூடும் புற்றுநோய்க் கலந்தாய்வில் அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. காப்பீட்டு அனுமதிக்காக முன்பு எழுதிய நோய்ப்பெயரை மாற்றி மறுபடி விண்ணப்பித்தோம். கன்னப் புண்ணைக் கீழ்த்தாடையின் மேல் விளிம்போடு சேர்த்து அகற்றி, இடது கழுத்துக் கணுக்களை எடுத்து, மார்புத் தசை மடலால் குறையை மூடினோம். எடுத்த 28 கணுக்களில் ஒன்றில் மட்டும் புற்று இருந்தது. அது கணுவின் உறையைத் தாண்டவில்லை. வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை. அதனால் கீமோதெரபி சேர்க்காமல், 6 வாரங்களில் 30 தவணைகளாக 60 கிரே கதிர்வீச்சு மட்டும் தரப்பட்டது. ‘கரண்ட் வைக்க’த் தினமும் போய்வந்த அந்த 6 வாரமும் அவருடைய தங்கைதான் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். மகன் படகுப் பங்கை விற்கவில்லை.

எண்கள் எதைச் சொல்கின்றன

மெலனோமா வந்தவர்களுக்கு வேறு புற்றுகள் வரும் வாய்ப்புக் கூடுமா என்ற கேள்விக்கு மிகப் பெரிய விடைகளில் ஒன்று அமெரிக்க அரசின் சீயர் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து கிடைத்தது. 1973 முதல் 2006 வரை மெலனோமா கண்டறியப்பட்டு, அதன்பின் 2 மாதங்களாவது உயிரோடிருந்த 89,515 பேரைக் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வு அது. அவர்களில் 10,857 பேருக்கு, அதாவது 12.1 விழுக்காட்டினருக்கு, பின்னர் ஒன்றோ அதற்கு மேலோ புதிய முதன்மைப் புற்றுகள் வந்தன. பொதுமக்களிடம் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட இது 28 விழுக்காடு கூடுதல். அந்தப் புதிய புற்றுகளில் நான்கில் ஒரு பங்கு மறுபடியும் மெலனோமாவே. அந்த ஒன்றின் வாய்ப்பு மட்டும் எதிர்பார்ப்பைவிட 8.6 மடங்கு. 30 வயதுக்குள் முதல் மெலனோமா வந்தவர்களிடம் அது 13 மடங்கைத் தாண்டியது. மார்பகப் புற்று 1.10 மடங்கும், புராஸ்டேட் புற்று 1.15 மடங்கும், ஹாட்கின் அல்லாத நிணநீர்ப் புற்று 1.25 மடங்குமாகச் சற்றுக் கூடியிருந்தன.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. 100 புற்றுகள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் 128 வந்தன என்று வைத்துக்கொண்டால், அவற்றில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 32, புதிய மெலனோமாக்கள். 8.6 மடங்கு என்பதால் அவற்றில் எதிர்பார்க்கப்பட்டவை 4-க்கும் குறைவு. மீதி 96 புற்றுகள், எதிர்பார்க்கப்பட்ட மீதிக்கு ஏறக்குறைய சமம். ஆகவே தலைப்பில் நின்று பயமுறுத்தும் அந்த 28 விழுக்காட்டுக் கூடுதல் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டாவது மெலனோமாவால் வந்தது. மற்ற புற்றுகளில் சில கூடியும் சில குறைந்தும் மொத்தத்தில் ஈடாகிவிடுகின்றன. இது எங்கள் தோராயக் கணக்குத்தான். ஆனாலும் நோயாளியிடம் பேசும்போது இந்த வேறுபாடு பெரிது.

இரண்டாவது மெலனோமா அங்கே அவ்வளவு மிகுவதற்குக் காரணம் விளங்கக்கூடியதே. ஒரே உடல், ஒரே வெளிர்த்தோல், சிறு வயதிலிருந்து பட்ட அதே வெயில். ஓரிடத்தில் பிறழ்ந்தது இன்னோரிடத்திலும் பிறழும். எங்கள் நோயாளியின் குதிகால் வெயிலே காணாதது. உள்ளங்கால் மெலனோமாவின் மரபணுக்களில் புற ஊதாக் கதிரின் தடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆகவே அந்த 8.6 மடங்கை அப்படியே எடுத்துவந்து காசிமேட்டில் ஒட்டுவது, வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிவிடுவதைப் போன்றது. வெயிலில் போகாதீர்கள், களிம்பு பூசுங்கள் என்று அச்சிட்ட அறிவுரைத் தாள் ஒன்றை, அறுவைக்குப் பின் நாங்களும் அவரிடம் கொடுத்திருந்தோம். அது அவருக்கு எந்த வகையிலும் பயன்படவில்லை. அவருடைய இரண்டாவது புற்று அவர் வாயில் 30 ஆண்டுகளாக அடக்கிவைத்திருந்த பொருளிலிருந்து வந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலைத் தாம்பூலம் மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இலேயே அறிவித்தது; 2004-இல் புகையிலை சேராத வெறும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது.

புதிய புற்றுக்குச் சில நேரங்களில் சிகிச்சையே காரணமாவதும் உண்டு. பிராஃப் பிறழ்வுள்ள மெலனோமாவுக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் என்னும் மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் கணிசமானோருக்குச் சில வாரங்களிலேயே தோலில் செதிள் உயிரணுப் புற்றுகள் முளைத்தன. பிராஃப் பிறழாத, ஆனால் ராஸ் மரபணு பிறழ்ந்த தோல் உயிரணுக்களில் அந்த மருந்து வளர்ச்சிச் சமிக்ஞையை அடக்குவதற்குப் பதில் தூண்டிவிட்டதே காரணம். அதே சமிக்ஞைப் பாதையில் அடுத்துள்ள மெக் என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின் அது குறைந்தது. எங்கள் நோயாளி அப்படி எந்த மருந்தும் எடுக்கவில்லை. இன்னொரு காரணம் கண்காணிப்பு. அடிக்கடி ஸ்கேன் எடுக்கப்படுபவரிடம், மற்றவர்களிடம் கண்ணில் படாமலே போகக்கூடிய தைராய்டு, சிறுநீரகப் புற்றுகள் அகப்படும். இவர் நிலை அதற்கு நேர்மாறு: ஸ்கேனிலேயே தெரிந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

பரம்பரை பற்றிய கேள்வி

ஒரே ஆளுக்கு இரண்டு புற்றா, இது வம்சத்தில் ஓடுவதா என்று மகள் கேட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். இந்தக் கேள்விக்கு மற்ற எதையும்விட அதிக நேரம் செலவிட்டோம்.

பரம்பரை மெலனோமாவில் அதிகம் அறியப்பட்ட மரபணு 9-ஆம் குரோமோசோமில் உள்ள சி.டி.கே.என்.2ஏ. அதில் பிறழ்வோடு பிறக்கும் குடும்பங்களில் மெலனோமாவோடு கணையப் புற்றும் கூடுகிறது. 2014-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்று, அப்படிப்பட்ட குடும்பங்களில் நுரையீரல், தொண்டை போன்ற, புகையிலையோடு தொடர்புடைய புற்றுகளும் மிகுவதையும், அதுவும் புகைப்பவர்களிடம் மேலும் மிகுவதையும் காட்டியது. மெலனோமா, வாய்ப்புற்று என்ற எங்கள் நோயாளியின் சேர்க்கை இதோடு ஒத்திருப்பதுபோல் தோன்றியதால்தான் உடனே மறுத்துவிடாமல் யோசித்தோம். வேறு மரபணுக்களும் உண்டு: பி.ஏ.பி.1 பிறழ்ந்தால் கண்ணிலும் தோலிலும் மெலனோமாவோடு, நுரையீரல் உறைப் புற்றும் சிறுநீரகப் புற்றும் வரலாம், பி.டி.இ.என். பிறழ்ந்தால் மார்பகம், தைராய்டு, கருப்பை ஆகியவற்றில் புற்று வரலாம்.

மூன்று தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் போட்டோம். இரு பக்கத்திலும் மெலனோமாவோ கணையப் புற்றோ யாருக்கும் இல்லை. தாய்மாமன் ஒருவர் வாய்ப்புற்றால் இறந்தவர். அவரும் புகையிலை போட்டவர். இவருடைய மெலனோமா 59 வயதில், உள்ளங்காலில், ஒன்றே ஒன்றாக வந்தது. பரம்பரை மெலனோமா பெரும்பாலும் இளவயதில், ஒன்றுக்கு மேற்பட்டதாக, பல மச்சங்களோடு வருவது. இந்த நிலையில் மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்று முடிவு செய்தோம். மகளிடம், “உங்க பிள்ளைகளுக்கு ரத்தத்தில் வருவதைவிடப் பழக்கத்தில் வரும் வாய்ப்புத்தான் அதிகம்மா” என்று சொன்னபோது அவர் உடனே தன் அண்ணனைப் பார்த்தார். அந்த அண்ணன் மாவா என்னும் பாக்கு-புகையிலைக் கலவை போடுபவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கே அவருடைய வாயையும் பார்த்தோம். வலது கன்னத்தில் வெண்திட்டு இருந்தது. அது வேறு ஒரு நோயாளியின் கதை.

கண்காணிப்பை மாற்றி அமைத்தது

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் மெலனோமா நோயாளிகளின் பின்தொடர்தல் சீட்டைத் திருத்தினோம். முன்பு அதில் அறுவைத் தழும்பு, அங்கிருந்து கணுக்கள்வரை உள்ள வழித்தடத் தோல், தொடையிடுக்கு, நுரையீரல் படம் ஆகியவை மட்டும் இருந்தன. இப்போது ஒவ்வொரு வருகையிலும் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும், இரு பாதங்களையும் விரலிடுக்கோடு பார்க்க வேண்டும், பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும், கருப்பை வாய்ப் பரிசோதனை எப்போது செய்யப்பட்டது என்று கேட்டு எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. 1981 முதல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்கும் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டில், நகரத்துப் பெண்களிடம் மார்பகப் புற்றே முன்னால் நிற்கிறது. மெலனோமா வந்துவிட்டது என்பதற்காக இந்த ஊரின் பொதுவான புற்றுகள் ஒருவரை விட்டுவைப்பதில்லை. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் பார்க்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. ஆனால் பெரிய மருத்துவமனையில் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் நோயாளி, அங்கேதான் எல்லாம் பார்க்கிறார்களே என்று அதற்குப் போவதில்லை. பெரிய மருத்துவமனையோ, அவர் எதற்காக வந்தாரோ அந்த உறுப்பை மட்டும் பார்க்கிறது.

இன்னொரு மாற்றம் கோரிக்கைச் சீட்டில். ‘பரவல் உள்ளதா’ என்று எழுதுவதை நிறுத்தி, ‘இது என்ன’ என்று எழுதுகிறோம். முந்தைய புற்றின் பெயரை அதன் கீழே தனி வரியில் குறிப்பிடுகிறோம். மெலனோமா நோயாளியிடம் புதிதாகத் தோன்றும் எந்தக் கட்டிக்கும், நிறமேற்றல் முடிவு வராமல் குடும்பத்தாரிடம் பரவல் என்ற சொல்லைச் சொல்வதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். நிறமேற்றலுக்கு ஆகும் நாட்களை நினைத்துச் சில இளம் மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். 7 வாரம் தவறான பெயரோடு கடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

வாய்ப்புற்று ஒன்று வந்தவருக்கு அதே சவ்வுப் பரப்பில் மற்றொன்று வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. புகையிலை ஓரிடத்தை மட்டும் கெடுப்பதில்லை, வாய்முதல் உணவுக்குழல்வரை அது பட்ட பரப்பு முழுவதும் புற்றுக்குத் தயாராகிறது என்ற கருத்தை 1953-இலேயே ஸ்லாட்டரும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தார்கள். ஆகவே எங்கள் நோயாளிக்கு இப்போது மூன்றாவது புற்றுக்கான கண்காணிப்பும் நடக்கிறது. அதற்குரிய காரணம் குதிகாலில் இல்லை. வெற்றிலையை விட்டுவிட்டார். ஏலத்தில் பக்கத்தில் நிற்பவர் நீட்டும்போது மறுப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார்.

கதிர்வீச்சு முடிந்து 22 மாதங்கள் ஆகின்றன. ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது. அதன் ஓரத்தில் நிறம் ஏதும் திரும்பவில்லை. தொடையிடுக்கிலும் கழுத்திலும் நெறி இல்லை. வாய் இப்போது இரண்டரை விரல் திறக்கிறது. கடந்த வருகையில் நாக்கின் வலது ஓரத்தில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு வெண்திட்டு காணப்பட்டு, பயாப்ஸி எடுக்கப்பட்டது. லேசான டிஸ்பிளேசியா, அதாவது புற்றுக்கு முந்தைய உயிரணு மாற்றம், என்று முடிவு வந்திருக்கிறது, புற்று இல்லை. 6 வாரம் கழித்து மறுபடி பார்ப்பதாகச் சீட்டில் எழுதியிருக்கிறோம்.